ரிட்டர்ன் எங்கே?

ஏசி மாற்றப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எத்தனை டன்? என்ன பிராண்ட்? கரண்ட் பில் எவ்வளவு வரும்? குளிர்ந்த காற்று எந்த வழியாக அறைக்கு வருகிறது என்று எப்போதாவது ஒருவர் கேட்பார். வந்த காற்று மெஷினுக்குத் திரும்பிப் போக வழி, அதாவது ரிட்டர்ன், இருக்கிறதா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நம்மூர் ஸ்ப்ளிட் ஏசியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சுவரில் இருக்கும் பெட்டி அறைக்காற்றை மேலே இழுத்துக் கீழே விடுகிறது, அவ்வளவுதான். மெஷின் வீட்டுக்கு வெளியே நின்று, காற்று தரைக்கு அடியில் போய்வரும் வீடுகளில்தான் சிக்கல்.

நான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். தகரம் வெட்டி வளைத்து டக்ட், அதாவது காற்று போகும் குழாய், செய்வதும் அதில் ஒரு பகுதி. உடன் வேலை செய்யும் நண்பரின் அம்மா அதே மாநிலத்தில் மேக்கன் நகருக்குத் தெற்கே ஒரு டபுள்-வைட் வீட்டில் தனியாக இருக்கிறார். சென்ற கோடையில் அந்த வீட்டு ஏசியின் கம்ப்ரஸர் போய்விட்டது. விலை சொல்ல வந்தவர் வெளியே நின்ற பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். 3 டன் இருந்த இடத்தில் 4 டன் போட்டால் ஜில்லென்று இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நண்பருக்கு அது உறுத்தியிருக்கிறது, என்னிடம் வந்தார்.

இந்த வகை வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேனுஃபாக்சர்டு ஹோம் என்பது தொழிற்சாலையிலேயே இரும்புச் சட்டத்தின் மேல் முழுதாகக் கட்டி, சக்கரம் மாட்டி, லாரியில் இழுத்து வந்து கான்கிரீட் பிளாக் தூண்களின் மேல் உட்கார வைக்கும் வீடு. ஒரே துண்டாக வந்தால் சிங்கிள்-வைட். இரண்டு பாதிகளாக வந்து நடுவில் இணைத்தால் டபுள்-வைட். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த விதிகள் 1976 ஜூன் 15 முதல் அமலுக்கு வந்தன. அதற்கு முன் கட்டியவைதான் சரியான பொருளில் மொபைல் ஹோம். பின்னால் வந்தவற்றின் வெளிச்சுவரில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாக, சின்னச் சிவப்பு உலோகத் தகடு அடித்திருக்கும். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் டிரெய்லர் என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது, அதனால் அந்த வீட்டில் நானும் சொல்வதில்லை.

வீட்டின் தரைப்பலகைக்குக் கீழே மரச்சட்டங்கள், அவற்றுக்கு இடையே கண்ணாடி இழைப் பஞ்சு, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு கறுப்பு உறை. உறைக்கும் தரைக்கும் நடுவே வீட்டின் நீளத்துக்கு ஒரு தகர டக்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வோர் அறைத் தரையிலும் ஒரு காற்றுத் துளை. டபுள்-வைடில் இப்படி இரண்டு டக்டுகள், பாதிக்கு ஒன்று. இரண்டையும் இணைப்பது அடியில் தொங்கும் கிராஸ்ஓவர் என்ற குழாய். குளிர்காலத்துக்கான ஃபர்னஸ் நடைவழியில் ஒரு அலமாரிக்குள் நின்று, சூடான காற்றைக் கீழ்நோக்கி இந்த டக்டுக்குள் தள்ளும்.

அந்த அலமாரியில் பெரிதாக வேறெதற்கும் இடமில்லை. அதனால்தான் இத்தகைய வீடுகளில் பேக்கேஜ் யூனிட் நிறைய. கம்ப்ரஸர், கண்டென்ஸர், காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் காயில், காற்றைத் தள்ளும் ப்ளோயர் எல்லாம் ஒரே பெட்டியில் வெளியே நிற்கும். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு வாய்கள்: குளிர்ந்த காற்று வெளியேறும் சப்ளை, வீட்டுக் காற்று திரும்பி வரும் ரிட்டர்ன். கேஸ் தொழிற்சாலையிலேயே அடைத்து வருகிறது, செம்புக்குழாய் பற்றவைக்கும் வேலை இல்லை. ரெஃப்ரிஜரன்ட் என்ற அந்தக் கேஸைத் தொட அமெரிக்காவில் உரிமம் வேண்டும். டக்ட் வேலை அந்தப் பக்கமே போகாது. கவுன்ட்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வாங்கி, பெட்டியை வைப்பதையும் மின் இணைப்பையும் உரிமம் உள்ளவரிடம் கொடுத்துவிட்டோம். தரைக்கு அடியில் உள்ளது மட்டும் எங்கள் பங்கு.

4 டன் யோசனையை முதலில் ஒதுக்கினோம். ஒரு டன் என்பது ஒரு மணி நேரத்தில் 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன். 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திலிருந்து வந்த கணக்கு அது. ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று காயிலைக் கடக்க வேண்டும். 3 டன்னுக்கு 1,200. வீடு 1,400 சதுர அடி, கூரை உயரம் 8 அடி. மொத்தம் 11,200 கன அடி காற்று. ஆக, பத்து நிமிடத்துக்குள் வீட்டில் உள்ள காற்று முழுவதும் ஒருமுறை தரைக்கு அடியில் போய் வெளியே நிற்கும் பெட்டிக்குள் நுழைந்து திரும்ப வேண்டும். பழைய டக்ட் 3 டன்னுக்கே திணறியிருந்தால், 4 டன் அதே குழாயில் 1,600 கன அடியை எப்படி இழுக்கும்? போதாததற்கு, தேவைக்கு மேல் பெரிய ஏசி தெர்மோஸ்டாட்டைச் சீக்கிரம் திருப்திப்படுத்திவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இறக்க நேரம் கிடைக்காது. ஜார்ஜியா கோடையில் வெக்கையைவிட ஈரம்தான் ஆளை வதைக்கிறது.

சரி, அடியில் என்ன இருந்தது? வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங்கில் ஒரு பலகையைக் கழற்றி நுழைந்தோம். முகமூடி, முழங்கால் திண்டு, தலையில் விளக்கு. பளபளவென்று கறுப்பாக, வயிற்றில் சிவப்புக் குறியோடு பிளாக் விடோ சிலந்தி இருக்கும் என்று நண்பர் எச்சரித்திருந்தார். இருந்தது. அது தூணோடு ஒட்டிக்கொண்டது, நாங்கள் சுற்றிப் போனோம்.

சப்ளை பக்கம் சுமார்தான், ஆனால் பிழைக்கக்கூடியது. ரிட்டர்ன் பக்கம்தான் பரிதாபம். நடைவழித் தரையில் 16-க்கு 20 அங்குல ஃபில்டர் கிரில் ஒன்று, அதிலிருந்து 14 அங்குல ஃபிளெக்ஸ் டக்ட், அதாவது வளையும் குழாய், ஒன்று. செம்மண்ணில் பாம்பு போல் நெளிந்து கிடந்தது, பாதி நீளம் தேவையே இல்லாதது. 14 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர அடியைச் சற்றுத் தாண்டும். அதில் 1,200 கன அடி போக வேண்டுமானால் காற்று நிமிடத்துக்கு 1,100 அடிக்கு மேல் ஓட வேண்டும். ஃபிளெக்ஸ் டக்ட்டுக்கு அது அதிகம். போதாக்குறைக்கு, தரைப்பெட்டியோடு சேரும் இடத்தில் குழாய் பாதி கழன்று தொங்கியது. வெள்ளிநிறத் துணி டேப் மட்டும் சுற்றியிருந்தார்கள். பசை காய்ந்து தானாக உரிந்துவிட்டது. ப்ளோயர் இத்தனை காலமும் வீட்டுக் காற்றோடு சேர்த்து, எலிப்புழுக்கையும் பூசணமும் கலந்த அடித்தளக் காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மா வீட்டில் ஒரு மக்கல் வாசனை இருப்பதாக வெகுகாலமாகச் சொல்லிவந்தாராம். பிள்ளைகள் வயதான மூக்கின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள்.

இந்த டேப் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. டக்ட் டேப் என்ற பெயரோடு கடையில் விற்கும் துணி டேப்பை டக்டில் ஒட்டக் கூடாது என்பது இன்று நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-இல் பலவகை ஒட்டுப்பொருட்களை வெப்பத்திலும் குளிரிலும் மாறிமாறி வைத்துச் சோதித்தது. வரிசையாகத் தோற்றது அந்தத் துணி டேப்தான். இருந்தும் ஒவ்வொரு வீட்டடியிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

ரிட்டர்ன் கசிந்தால் அழுக்குக் காற்று உள்ளே வரும். சப்ளை கசிந்தால் இன்னொரு விதமான தொல்லை. காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று மண்ணுக்குப் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வெளியே இருக்கும் வெந்நீராவிக் காற்று ஜன்னல் இடுக்கு, பிளக் பாயிண்ட், சுவர் வெடிப்பு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் வினைல் ஒட்டிய ஜிப்சம் பலகை. ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்த வினைலின் பின்புறம் நீராகப் படிகிறது. வினைல் வழியாக அது காய்ந்து வெளியேறவும் முடியாது. பலகை மாவாக ஊறிப் போகும். ஃப்ளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்மாநிலங்களில் இப்படிச் சுவர் ஊறிய வீடுகளை ஆராய்ந்தபோது டக்ட் கசிவு, தேவைக்கு மேல் பெரிய ஏசி, தெர்மோஸ்டாட்டை மிகக் குறைவாக வைப்பது, வினைல் சுவர் ஆகியவை ஒன்றுசேர்ந்து இந்த வேலையைச் செய்வதைக் கண்டது. அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் சுவரை விரலால் அழுத்தினால் குழிந்தது. 4 டன் வந்திருந்தால் அந்தப் பட்டியல் முழுமையாகியிருக்கும்.

புது ரிட்டர்னுக்கு முதலில் மனதில் இருந்தது ஒரே ஒரு 18 அங்குலக் குழாய். கணக்கு சரியாக வந்தது, இடம்தான் ஒத்துவரவில்லை. ஆர்-8 என்ற வெப்பத்தடுப்பு அளவுள்ள பஞ்சு உறையோடு சேர்த்தால் 18 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 23 அங்குலத்துக்குப் போய்விடும். இரும்புச் சட்டத்தின் அடியில் எங்களுக்குக் கிடைத்த இடைவெளி 22. நசுக்கி நுழைத்தால் நசுங்கிய இடத்தில் பஞ்சும் போச்சு, காற்றும் போச்சு. அதனால் இரண்டு 14 அங்குலக் குழாய்களாகப் பிரித்தேன். இரண்டின் பரப்பும் சேர்ந்து ஒரு 18 அங்குலக் குழாயைவிட அதிகம். ஒன்று நடைவழிக்கு, மற்றது ஹாலுக்கு. இரண்டும் வந்து சேர ஸ்கர்ட்டிங்கின் உட்பக்கம் ஒரு தகரப் பெட்டி. அதை எங்கள் பட்டறையில் வார இறுதியில் மடித்தேன். மேலதிகாரி துண்டுத் தகரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னதில் செலவும் மிச்சம்.

இரண்டு ரிட்டர்ன் வைத்ததில் இன்னொரு லாபம், சத்தம். ஃபில்டரைக் காற்று மெதுவாகக் கடக்க வேண்டும். நிமிடத்துக்கு 300 அடி என்பது நல்ல அளவு. பழைய 16-க்கு 20 கிரில்லில் அது 540. அதனால்தான் ஏசி ஓடும்போது அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். இப்போது 20-க்கு 20 அங்குலத்தில் இரண்டு கிரில்கள். வேகம் 220-க்கும் கீழே. ரிட்டர்ன் போதாத ஏசி, உறிஞ்சுகுழலை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் குடிப்பது மாதிரி: சத்தம்தான் அதிகம், வாய்க்கு வருவது கொஞ்சம்.

தரையில் துளை போடுவதற்கு முன் அடியிலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். மரச்சட்டம் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, வயர் எங்கே என்று தெரியாமல் மேலிருந்து ரம்பத்தை இறக்கக் கூடாது. சட்டங்களுக்கு இடையில் நாலு மூலையிலும் ஆணியைக் கீழிருந்து மேலாக அடித்து, ஹாலில் அவை தலைகாட்டிய இடத்தை இணைத்துக் கோடு போட்டோம். துளையின் நான்கு பக்கத்தையும் தகரத்தால் பெட்டி கட்டி அடைத்தது முக்கியம். அந்தச் சுவர் இல்லாவிட்டால் ரிட்டர்ன் தரைக்குள் இருக்கும் பஞ்சிலிருந்தும் காற்றை இழுக்கும்.

ஃபிளெக்ஸ் டக்ட் மலிவு, வளைக்க எளிது, யாரும் மாட்டலாம் என்று பேர். யாரும் மாட்டலாம் என்பதுதான் அதன் சாபம். பெட்டியில் 25 அடி வந்தால் 25 அடியையும் போட்டுவிடுகிறார்கள். உள்ளே ஸ்பிரிங் கம்பியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக். இழுத்துப் பிடிக்காவிட்டால் உள்சுவர் முழுக்கச் சுருக்கம். அதே பெர்க்லி ஆய்வகம் அளந்ததில், வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாலே அழுத்த இழப்பு நான்கு மடங்கு வரை போனது. இன்னும் சுருங்கினால் பத்து மடங்கை நெருங்கியது. ஆகவே ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் விறைப்பாக இழுத்து, மீதியை வெட்டி எறிய வேண்டும். வெட்டி எறிய யாருக்கும் மனசு வராது. நண்பர் அந்த மிச்சத் துண்டுகளைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்துக்கொண்டார்.

இணைப்பில் வரிசை மாறக் கூடாது. முதலில் தகரக் கழுத்தில் மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையைப் பூசி, உள்குழாயை அதன் மேல் ஏற்றி, நைலான் பட்டையை அதற்கான இடுக்கியால் இறுக்க வேண்டும். கையால் இழுத்த பட்டை நாளடைவில் தளரும். பிறகு பஞ்சை முழுதாக மேலே தள்ளி, வெளியுறையைக் கொண்டுவந்து அதற்குத் தனியாக ஒரு பட்டை. வெளியுறை வெறும் அலங்காரம் இல்லை. ஜூலை மாதத்தில் 55 டிகிரி ஃபாரன்ஹீட் காற்று ஓடும் சப்ளைக் குழாயின் உறையில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், ஈரக்காற்று புகுந்து பஞ்சு முழுக்க நீர் கோத்துத் தொப்பை போட்டுத் தொங்கும். கம்பி முனை குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணில் இழுத்துப்போகவும் கூடாது.

நாலு அடிக்கு ஒரு தொங்குபட்டை, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில். கம்பியால் கட்டினால் குழாயின் கழுத்தை அறுக்கும். டக்ட் எந்த இடத்திலும் தரையைத் தொடக் கூடாது என்று கூட்டாட்சி நிறுவல் விதியே இருக்கிறது. மண்ணின் மேல் 6 மில் (ஆயிரத்தில் ஆறு பங்கு அங்குலத் தடிப்பு) பாலித்தீன் விரிப்பையும் புதிதாகப் போட்டோம். அதை முதலில் விரித்துவிட்டு அப்புறம் டக்ட் வேலை தொடங்கியது முதுகுக்கு நல்லதாகப் போயிற்று.

சப்ளை பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூனிட் வீட்டின் நீளவாக்கில் நடுப்பக்கத்தில் வந்ததால் தூரம் குறைவு. வாயிலிருந்து வரும் குழாயை ஒரு Y வடிவத் தகர இணைப்பில் பிரித்து, 12 அங்குலக் குழாய்கள் இரண்டு, பாதிக்கு ஒன்றாக, டக்டின் நடுவில் சேர்த்தோம். கிழிந்த கறுப்பு உறையை அதற்கான ஒட்டுத் துண்டுகளாலும் பின்களாலும் மூடினோம். ஃபர்னஸ் தனியாக இருப்பதால் டேம்பர் என்ற காற்றுத்தடுப்பு கட்டாயம். இல்லாவிட்டால் கோடையில் குளிர்காற்று ஃபர்னஸ் வழியாக மேலேறி நடைவழி அலமாரியில் கொட்டும். குளிர்காலத்தில் சூடான காற்று எதிர்ப்பக்கமாக வெளியே நிற்கும் யூனிட்டுக்குப் போகும். தானாக மூடும் இலை ஒவ்வொரு பக்கமும் ஒன்று. பல வீடுகளில் இதை விட்டுவிட்டு, நாலு டிசம்பர் கழித்து ஹீட்டிங் பில்லைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்கள்.

படுக்கையறைதான் கடைசி. அங்கே சப்ளை உண்டு, ரிட்டர்ன் கிடையாது. அம்மா இரவில் கதவைச் சாத்தித் தாழ்போட்டுத் தூங்குபவர். உள்ளே வந்த காற்று கதவடியிலுள்ள இடுக்கு வழியாகத்தான் நடைவழிக்கு வர வேண்டும். புதுக் கம்பளம் போட்டபோது அந்த இடுக்கும் போய்விட்டது. அறைக்குள் அழுத்தம் ஏறும், வரும் காற்று குறையும், வீட்டின் மற்றப் பகுதி வெளிக்காற்றை உறிஞ்சத் தொடங்கும். கதவைத் திறந்து வைத்துத் தூங்குங்கள் என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். “தனியா இருக்கிற பொம்பளைக்கு நீ சொல்லித் தராதே” என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. கதவுக்கு மேலே சுவரின் இரு பக்கமும் கிரில் வைத்து வழி விட்டோம். கட்டிலுக்குப் பின்னால் ஊறிய பலகையையும் வெட்டி எடுத்துப் புதுசு போட்டாயிற்று.

யூனிட்டை ஓடவிட்டு அளந்தபோது, ப்ளோயருக்கு வெளியே உள்ள மொத்த எதிர்ப்பு, பெயர்ப்பலகை சொல்லும் அரை அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்குள் இருந்தது. ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் வெப்ப வித்தியாசம் 19 டிகிரி ஃபாரன்ஹீட். உரிமக்காரர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் குழாய், தகரம், மாஸ்டிக், பட்டை எல்லாம் சேர்ந்து சின்னத் தொகைதான். அந்தத் தொகைக்கு விலைச்சீட்டில் ஒரு வரிகூட இல்லாதிருந்ததுதான் எனக்கு இன்னும் புரியாத வியாபாரம்.

இப்போது ஃபில்டர் விஷயத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. அம்மாவுக்கு மகரந்த அலர்ஜி உண்டு. கடையில் மெர்வ் 13 (மெர்வ் எண் கூடினால் ஃபில்டர் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும்) என்று போட்டிருந்த ஓர் அங்குல ஃபில்டரை வாங்கி இரண்டு கிரில்லிலும் செருகிவிட்டார். பழைய ஒற்றை கிரில்லாக இருந்தால் மூச்சுத் திணறியிருக்கும். இப்போது பரப்பு இருப்பதால் தாங்குகிறது. திரும்ப அளந்தேன், எதிர்ப்பு ஏறியிருந்தாலும் எல்லைக்குள்தான். ஆனால் அடர்த்தியான ஃபில்டர் சீக்கிரம் அடையும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். விலையைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் என்கிறார். கடைசியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று முடியும் என நினைக்கிறேன்.